காத்தாயி வாசலும் ராஜா குளமும்

முன்னொரு காலத்தில், மழை பொய்த்தால் மேகத்தையும் பெய்தால் குடைக்காரனையும் திட்டுகிற ராஜா ஒருவர் இருந்தார். திடீரென்று ஒருநாள் அவருக்கு வட்டமாக ஒரு குளம் வேண்டியிருந்தது. கிழக்கே ஒரு முளை, நேர் மேற்கே ஒரு முளை அடிக்கச் சொன்னார்.

"இந்த முளைக்கும் அந்த முளைக்கும் உள்ள தூரந்தான் குளத்தோட முழு அகலம். பூசை போட்டு நான் நடுவுல முதல் வெட்டு வெட்டுற வரைக்கும், வட்டத்துக்குள்ள யார் கால் பட்டாலும் அந்தக் காலை எடுத்துருவேன்!"

கரை குறிக்கிற வேலையை மந்திரி சர்வேசுவரர் கேட்டு வாங்கிக்கொண்டார். காரணம் இருந்தது. குளத்துக்குத் தெற்கே சலவைக்காரி காத்தாயியின் வீடு. போன மாதம் அவள், "துணியில உள்ள கறைதான் எனக்குப் போக்கத் தெரியும் சாமி, குணத்துல உள்ளது தெரியாது" என்று ஊரார் முன்னால் அவரிடம் சொல்லிவிட்டாள். அந்த ஆத்திரத்தில் மந்திரி சுண்ணாம்புக் கோடு தெற்கே வீங்கும்படி போட்டு, அவள் வீட்டையே குளத்துக்குள் தள்ளினார்.

ராஜா பார்வையிட வந்தபோது, மந்திரி காத்தாயியின் வாசலில் நின்று வெள்ளாவிப் பானையை உதைத்துக்கொண்டிருந்தார். "வெளிய போடி! இது ராஜா குளம்!"

"என் வீடு சாமி! பிள்ளைங்கள எங்க கொண்டு போவேன்?"

விகடகவி வேம்பன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தான். சிரிக்கவைப்பது அவன் பிழைப்பு. அன்று அவன் முகத்தில் சிரிப்பில்லை.

"மகாராஜா, இது வட்டமா, மந்திரியோட தொந்தியா?"

"வட்டந்தான்டா!" மந்திரி சீறினார்.

"அப்ப நீங்க நிக்கிற இடம்?"

"குளத்துக்கு உள்ள! சந்தேகமா?"

"கேட்டீங்களா மகாராஜா? பூசைக்கு முன்னாலயே உள்ள நிக்கிறாரு. ரெண்டு காலும். கத்தி எங்க?"

மந்திரி துள்ளிக் குதித்து, "வெளிய... வெளியதான் பிரபு!" என்றார்.

"வெளியன்னா வீடு ஏன்யா இடியணும்?" வேம்பன் கத்தினான்.

ராஜாவின் கோபம் இருவர் மேலும் பாய்ந்தது. "வேம்பா, உள்ள போகாம, நடுவுல கயிறு கட்டாம, நீ சரியான வட்டம் போடு. பிசகினா உன் கால்!"

கரை கட்ட வந்திருந்த கொத்தனாரிடம் வேம்பன் மூலைமட்டத்தை வாங்கினான். சுவர் மூலை சரிபார்க்கிற அதே மரக்கருவிதான். வெளியிலிருந்து மெல்ல நெருங்கினான். மட்டத்தின் ஒரு கைக்கு நேரே கிழக்கு முளையும் மறு கைக்கு நேரே மேற்கு முளையும் தெரிந்த இடத்தில் ஒரு குச்சி நட்டான். "கரையில எங்க நின்னாலும் ரெண்டு முளையும் இந்த மூலைக்குச் சரியா நிக்கும் மகாராஜா. தள்ளிப் போனா மூலைக்குள்ள ஒடுங்கும்." காத்தாயி வாசலில் மட்டத்தை வைத்துக் காட்டினான். முளைகள் ஒடுங்கின. வாசல் வெளியே.

இப்படியே சுற்றிலும் குச்சிகள் நட்டு முடிந்தது. பூசை போட்டு, ராஜா நடுவில் வெட்டினார். அங்கிருந்தே கயிறு பிடித்துச் சுற்றினார்கள். ஒரு குச்சியும் தப்பவில்லை. ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, தம் பொன்னாடையை வேம்பனுக்குப் போர்த்தினார். "இன்னும் என்ன வேணும், கேளு!"

"முதல் கூடை மண்ணு மந்திரி தலையில ஏறணும்." வேம்பன் அப்போதும் சிரிக்கவில்லை.

ஈர மண் வழிந்து பட்டு அங்கவஸ்திரமெல்லாம் சேறாக, மந்திரி அந்த வாசலைக் கடந்தார்.

"கழட்டிப் போட்டுட்டுப் போங்க சாமி" என்றாள் காத்தாயி, பானையை நிமிர்த்தியபடி. "இந்தக் கறை போயிரும்."