முந்திரி உடைத்த அணில்கள்

நடுவே ஆறு ஓடும் ஒரு காட்டில், இரண்டு கரையிலும் முந்திரித் தோப்புகள் இருந்தன. அவற்றைச் சிங்க ராஜாவிடம் குத்தகைக்கு எடுத்திருந்தது ஒரு நரி. கொட்டையை உடைத்துப் பருப்பு எடுப்பது அணில்களின் வேலை.

சுலபமான வேலை இல்லை, குழந்தைகளே. முந்திரி ஓட்டில் ஊறும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அதனால் அணில்கள் கையில் சாம்பல் பூசிக்கொண்டுதான் உட்காரும். சாம்பலை நரியே கொண்டுவந்து தரும். மாலையில் ஆளுக்கு ஒரு கை பருப்பு கூலி.

இக்கரையில் கீற்று என்றொரு தாய் அணில் இருந்தது. முன்கோபம் அதற்கு. ஒரு நாள் நரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. அக்கரை அணில்கள் பாதிக் கூலிக்கே சம்மதித்துவிட்டன என்றது. சாம்பலும் வேண்டாம் என்கின்றனவாம். இங்கே ஒத்துவராவிட்டால் மூட்டைகளை அங்கே அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லையாம்.

வேலை போய்விட்டால் என்ன செய்வது? அணில்கள் தலையாட்டின. சில நாளில் கூலி இன்னும் குறைந்தது. கீற்றின் குட்டிகள் பசியில் அழுதன. அதன் விரலெல்லாம் கொப்புளம். ஆனால் நரி மேல் அதற்குக் கோபம் வரவில்லை. அக்கரை அணில்கள் மேல்தான் வந்தது.

அவை கண்டதும் கடித்துக் குதறும் என்று நரி சொல்லியிருந்ததால், யாரும் ஆற்றைத் தாண்டியதில்லை. கீற்று தாண்டியது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று, குறுக்கே சாய்ந்து கிடந்த மருத மரத்தின் மேல் ஓடி அக்கரையில் இறங்கியது.

அங்கே ஓர் அணில் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தது. கீற்று அதன் கையைப் பார்த்தது. விரல்களில் தோலே இல்லை. சில விரல்களில் நகமும் இல்லை. பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு குட்டி படுத்திருந்தது.

அந்த அணில் தலை நிமிர்ந்தது. “அக்கரையிலிருந்தா வருகிறாய்? உங்கள் வயிறு குளிர்ந்ததா? பாதிக் கூலிக்கு, சாம்பல்கூட இல்லாமல் உடைக்கிறோம் என்று முதலில் சொன்னது நீங்கள்தானே?”

கீற்று கேட்க வந்த கேள்வியே அதுதான். அது தன் கைகளை விரித்துக் காட்டியது.

மறுநாள் நரி வந்தபோது மருத மரம் முழுக்க அணில்கள். இருகரை அணில்களும் கலந்து உட்கார்ந்திருந்தன. பழைய கூலியும் சாம்பலும் தந்தால்தான் கொட்டையைத் தொடுவோம் என்றது கீற்று.

நரி திடுக்கிட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தது. “உங்கள் இஷ்டம். மலைக்கு அப்பால் இருக்கும் அணில்கள் கால் கூலிக்கே உடைக்கிறோம் என்கின்றன.”

அணில்களெல்லாம் கீற்றைத் திரும்பிப் பார்த்தன.

“அப்படியா?” என்றது கீற்று. “அவர்களையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.”

சொன்ன கையோடு மலைப்பக்கம் நடந்தது. அக்கரைத் தாய் அணிலும் கூடவே நடந்தது. அவை அடிவாரத்தைச் சேரும் முன்பே நரி மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவந்தது, வாயில் சாம்பல் மூட்டையோடு. பழைய கூலியே தருகிறேன், திரும்பி வாருங்கள் என்று கெஞ்சியது.

இரண்டும் நிற்கவில்லை. மலை ஏறிப் பார்த்தன.

அப்பால் ஓர் அணில்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் பாறைதான் கிடந்தது.

நீதி: உன்னைப் போலவே உழைப்பவரை உன் எதிரி என்று ஒருவன் சொன்னால், அவரை நேரில் பார்க்கும்வரை நம்பாதே.