அண்ணாச்சி வீட்டுப் புகைபோக்கி

தங்கப்பழம் அண்ணாச்சி எப்போதும் ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு கேள்வியுமாகத்தான் மேலே ஏறி வருவார். அன்றைக்கு வெறுங்கையோடு வந்தார். கார்த்திகை மாசத்துப் பனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. குடிசை வாசலில் சட்டநாத சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

சாமிக்கு அண்ணாச்சியைவிடப் பத்து வயசு குறைவு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, இந்த மலையூரில் பலசரக்குக் கடை போட்டு, போன வருஷம் பழைய கல்வீடு ஒன்றையும் வாங்கியவர் அண்ணாச்சி. சீடன்தான், ஆனாலும் ஊர் கூப்பிடுகிற மாதிரியேதான் சாமியும் அவரைக் கூப்பிடுவார்.

"என்ன அண்ணாச்சி, கடையைக் கொள்ளை கொடுத்த மாதிரி வர்றீங்க?"

"சாமி, எனக்குப் பயமா இருக்கு. பயத்தை ஓட்டுததுக்கு ஒரு வழி சொல்லணும்."

"எதைக் கண்டு பயம்?"

"கண்டா பரவாயில்லையே. வீட்டுல என்னமோ இருக்கு, கண்ணுக்குத் தெரியல."

சாமியின் கை கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "சொல்லுங்க."

அண்ணாச்சி சொன்னார். மகள் செண்பகம் தலைப்பிள்ளை பெற்று வந்து குளிர்காய நெருப்புப் போடுகிற கணப்பு அறையில் படுத்திருக்கிறாள். மூன்று நாளாக வீட்டில் எல்லாருக்கும் தலை பிளக்கிறது. மனைவி இசக்கியம்மாளுக்குக் கஞ்சிகூட வயிற்றில் தங்கவில்லை. செண்பகம் எந்நேரமும் தூங்குகிறாள். கூப்பிட்டால் கிணற்றுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி பார்க்கிறாள்.

"இன்னைக்குக் காலையில பிள்ளை பால் குடிக்கல சாமி. அழவும் இல்ல. பிள்ளை அழுதா சலிச்சுக்கிடுவோம். அழாமக் கிடக்கதைப் பாத்தா கிள்ளிப் பாக்கத் தோணுது."

"யார்கிட்ட காட்டினீங்க?"

"குறி சொல்லுத கோடாங்கிகிட்ட. பெத்த உடம்பு பாருங்க, பின்னால ஒண்ணு தொடர்ந்து வந்திருக்குன்னு சொன்னாரு. வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டியாச்சு. ஜன்னல், கதவிடுக்கு எல்லாத்துலயும் துணி திணிச்சு அடைக்கச் சொன்னாரு. அடைச்சிட்டோம்."

"இப்போ உங்களுக்குத் தலை வலிக்குதா?"

அண்ணாச்சி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியம். "இல்லையே. ஏறி வரும்போதே விட்டுட்டுது. எல்லாம் உங்க சந்நிதி விசேஷம்."

"என் சந்நிதியில கொசுகூட அடங்க மாட்டேங்குது. அந்த அறையில நெருப்பு இருக்கா?"

"இருக்கு. பச்சப்பிள்ளைக்குக் குளிருமில்லா? முதல்ல விறகு வச்சோம். அறை பூரா புகை, பிள்ளைக்குக் கண்ணு கலங்கிட்டு. அப்புறம் விறகை நிறுத்திட்டுக் கரி போட்டோம். இப்போ பொட்டுப் புகை கிடையாது."

"புகை வந்தப்போ, ஏன் மேல போகாம உள்ள வருதுன்னு பாத்தீங்களா?"

"எதுக்கு சாமி? அதான் நின்னுட்டே."

சாமி கையிலிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். செருப்புகூட மாட்டவில்லை. சரிவில் இறங்கி ஓடினார்.

அண்ணாச்சியும் இறங்கினார். காட்டெருமை எதிரே வந்தபோதுகூட ஒதுங்காமல் நின்றவர் இந்த மனுஷன். அவரே ஓடுகிறார் என்றால் வீட்டில் இருப்பது என்னவாக இருக்கும்? பனிக்குள் சாமியின் காவித்துணி தெரிவதும் மறைவதுமாக இருந்தது. அண்ணாச்சி அதையே அடையாளம் வைத்து, கல்லில் இடறி, பின்னாலேயே ஓடினார்.

கணப்பு அறை வாசலில் இசக்கியம்மாள் குறுக்கே நின்றாள். கண் சொருகியிருந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை பெத்தவ இருக்க அறை, சாமி. கதவைத் திறந்துராதிய. பனி பட்டா ரெண்டும் தாங்காது."

"பிள்ளையை எடுத்துக்கிட்டு முற்றத்துக்குப் போங்க தாயே. இப்பவே."

"ஏங்க, நீங்களாவது சொல்லுங்களேன்."

அண்ணாச்சி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அறைக்குள் கரி சிவப்பாக, அழகாக, சத்தமில்லாமல் கனன்றுகொண்டிருந்தது. புகை இல்லை. வாடையும் இல்லை. செண்பகத்தின் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. அதற்குமேல் அவர் யாரையும் கேட்கவில்லை. மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே இசக்கி பிள்ளையோடு வந்தாள். சாமி துணிகளைப் பிடுங்கி எறிந்து ஜன்னல்களைத் திறந்தார், கரியைச் சட்டியில் வாரி வந்து ஈரத்தரையில் கொட்டினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

ஜீப் இன்னும் வரவில்லை. செண்பகம் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தாள். பிள்ளை இசக்கியின் மடியில் துவண்டு கிடந்தது. அதன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க அண்ணாச்சிக்குத் தைரியம் இல்லை. பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டிக்கொள்ள நினைத்தார்; கோயில் பெயர்களெல்லாம் மறந்துபோயின.

பூனைக்குட்டி போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அப்புறம் பெரிதாக ஒரு அழுகை. இசக்கி பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "அழுலே, நல்லா அழுலே" என்றாள்.

மறுநாள் சாயங்காலம், ஆஸ்பத்திரியில் பிள்ளை பால் குடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அடைத்த அறையில் கரி விட்ட விஷக்காற்று, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஓட்டுக்கூரையில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியடியில் சாமி.

"ஆளைக் கூப்பிட்டுப் பாத்துக்கிடலாமே சாமி."

"ஆளைக் கூப்பிடலாம். இன்னைக்கு நீங்க ஏறுங்க."

கடையில் மூட்டைமேல் ஏறினாலே அண்ணாச்சிக்குத் தலை சுற்றும். தவழ்ந்து தவழ்ந்து புகைபோக்கியிடம் போய் எட்டிப் பார்த்தார். துவாரம் இருக்க வேண்டிய இடத்தில் துவாரம் இல்லை. கையை விட்டார். சுள்ளி வந்தது, நார் வந்தது, இறகு வந்தது. அவர் கடையில் பொட்டலம் கட்டுகிற மஞ்சள் நூல் கத்தை கத்தையாக வந்தது. தோள்வரை கையை விட்டும் தீரவில்லை. கரி அப்பி, எல்லாம் கட்டியாக இறுகிக் கிடந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"மைனாக்கூடு சாமி. சித்திரையில வந்து கட்டுச்சு. மக மாசமா இருக்கையில கூட்டைக் கலைக்கக் கூடாதுன்னு விட்டுட்டோம்."

"விட்டது சரிதான். குஞ்சு பறந்துபோன பிறகு?"

மேலிருந்து இன்னொரு பிடி சுள்ளி வந்து விழுந்தது.

"வீட்டை வித்தவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. சாவி குடுக்கும்போதே சொன்னாரு. வருஷா வருஷம், குளிருக்கு முன்னால, மேல ஏறிப் பாத்து அடைப்பு எடுத்துருங்கன்னு. நான்தான் வீடு நல்லாத்தானே இருக்குன்னு..."

அவர் புகைபோக்கியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்துவிட்டார். அவர் காலடியில் ஓடு ஒன்று நழுவிக் கடகடத்தது. சாமி ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாமி."

"ம்."

"உள்ள பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பிள்ளையும் பிழைச்சுட்டான். இருந்தும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்குது. நேத்துலேர்ந்து கேக்கேன், இந்தப் பயத்தை ஓட்டுததுக்கு ஒரு வழி சொல்ல மாட்டேங்கீங்களே."

சாமி அண்ணாந்து பார்த்தார்.

"மூணு நாளா உங்க வீட்டுல எல்லாரும் மயங்கிக் கிடந்தீங்க அண்ணாச்சி. அந்தப் பயம் ஒண்ணுதான் முழிச்சிருந்தது. அதைப் போய் ஓட்டச் சொல்றீங்களே."