நாற்பது நாள் சொல்

"படிக்க வராவிட்டால் சொல்லிவிடேன் அம்மா, காகிதத்தை எதற்குத் தடவிக்கொண்டே இருக்கிறாய்?" என்றார் மேலாளர் அம்பலவாணர். சபை சிரித்தது.

ஞானப்பூ நிமிரவில்லை. அரண்மனைக்கு இங்கிலீஷை மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷி ராயப்பர், அவள் கணவர், இறந்து ஒன்பது நாள். துபாஷிக்குக் கொடுத்த வீட்டைப் பொழுது சாயுமுன் காலிசெய்யச் சொல்லி, காலையிலேயே சாவியைப் பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார் மேலாளர். மருமகனைக் குடிவைக்கப்போகிறாராம்.

அந்தக் கடற்கரை நாட்டை ஆண்ட ராசாவுக்குக் காலையில் பிடித்தது மாலையில் பிடிக்காது. வீட்டை மேலாளருக்குக் கொடுத்த அதே வாயால், இங்கிலீஷ் கடிதம் வந்ததும் அவளை அழைத்துவரச் சொன்னார். அந்தப் பாஷையை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் ராயப்பர். ஒருவர் எழுதியதை மற்றவர் பக்கம் திருப்பி வைத்துப் பிழை பார்க்கச் சொல்வது அவர்கள் வழக்கம். இனி அந்தப் பாஷையில் அவளோடு பேச ஊரில் ஆளில்லை.

"கப்பலில் அம்மை கண்டிருக்கிறது மகாராசா. குவாரண்டைனில் நிற்கிறார்களாம்."

"அதென்ன சாமான்?"

"இத்தாலி தேசத்தில் நாற்பதைச் சொல்லும் பேரிலிருந்து வந்தது. நாற்பது நாள் கடலில் தனியே நின்று, நோயில்லை என்று தெரிந்த பிறகே கரையிறங்கலாம். இங்கிலீஷ்காரர் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் உண்டு. புருஷன் செத்தால் பெண்சாதி அவன் வீட்டில் நாற்பது நாள் இருக்கலாம். யாரும் எழுப்பக்கூடாது."

"ஆகா! விட்டால் அரண்மனையும் இவளுக்குத்தான் என்று அதே சொல்லில் இருக்கும்!" என்றார் அம்பலவாணர்.

ராசா மீசையை நீவினார். "சாட்சி உண்டா? பொய்யென்றால் ஊரை விட்டே போகவேண்டும்."

"கப்பல் கப்பித்தானைக் கேளுங்கள். எழுதி வாங்கினால் நான்தான் படிக்கவேண்டும், மேலாளர் நம்பமாட்டார். கப்பித்தானுக்குத் தமிழ் பேச வரும். நேரில் வந்து சொல்லட்டும்."

"கூப்பிடு அவனை!"

"அவர் இறங்க நாற்பது நாளாகுமே மகாராசா. நான் சொன்னது பொய்யா மெய்யா என்று அதுவரை தெரியாது. தெரியாமல் என்னை எப்படி எழுப்புவது?"

ராசா தொடையில் தட்டிச் சிரித்தார். "மேலாளரே, அவசரமென்றால் நீர் படகேறிப் போய்க் கேட்டுவாருமேன்!"

"எனக்குக் கடற்காற்று ஒத்துக்கொள்ளாது மகாராசா."

"அம்மை மட்டும் ஒத்துக்கொள்ளுமா? சாவியை எடும். நாற்பது நாள் என்ன, இனி வரும் கடிதமெல்லாம் இவள்தான் படிப்பாள். வீடும் இவளுக்கே."

சபை மறுபடி சிரித்தது. அம்பலவாணர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"உட்கார். கப்பலுக்குப் பதில் எழுது" என்றார் ராசா.

ராயப்பரின் பலகையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து அவள் எழுதினாள். மை காயுமுன் காகிதத்தை, அவர் உட்காரும் காலியிடத்தின் பக்கம் திருப்பி வைத்தாள். சற்றுப் பொறுத்து எடுத்து மடித்தாள்.