கார்ட்டர் துரையின் உத்தரவு

வண்டிக்காரன் சூசையின் மனைவி இறந்தபோது, எஸ்டேட் துரை கார்ட்டர் என்னிடம், "வண்டிக்காரக் கூட்டத்துல ஒண்ணுகூட எங்க கல்லறைத் தோட்டத்துல கிடக்கக்கூடாது" என்றார். நான் அங்கே குழிவெட்டி. இருபது வருஷத்தில் துரை என் பெயரைக் கேட்டதேயில்லை.

சாயங்காலம் பனிமூட்டத்தில் அவர் வந்தபோது, அவருடைய தகப்பனாரின் கல்லறையை மார்பளவு தோண்டியிருந்தேன்.

"என்னடா பண்றே?"

"உங்க உத்தரவுதாங்க, தொர. கார்ட்டர்னா இங்கிலீஷ்ல வண்டியோட்டுறவன், பாட்டன் தொழில்தான் பேராச்சுன்னு பாதிரியார் சொன்னாருங்க. பெரிய தொரையை வேலிக்கு அந்தாண்டை வைக்கப்போறேன்."

அப்போது என் காலடியில், பெரிய துரையின் சவப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ மூன்று முறை தட்டினார்கள்.

துரையின் முகம் வெளுத்தது. "மூடுடா. அந்தப் பொம்பளையைப் பக்கத்துலயே புதைச்சுடு."

நானும் சூசையும் அவளைப் புதைத்தோம். தட்டிய கதையைக் கேட்டுப் பயந்துபோன சூசையிடம், தட்டியது என் குதிகால் என்றேன். உண்மையில் நான் அசையவேயில்லை.