கொள்ளுத்தாத்தாவை எழுப்பலாமா?

முன்னொரு காலத்தில் பனிமலை அடிவாரத்தில் இருந்த வெண்கோட்டு நாட்டை வேங்கைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கண்ணாடியில் முதல் நரையைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு வைத்தியர் வந்து சேர்ந்தார். "அரசே, ஏரி வற்றினால் தவளை சேற்றுக்குள் அடங்கிக் கிடக்கிறது. மழை பெய்ததும் எழுந்து கத்துகிறது. தங்களையும் அப்படிப் பனிக்கட்டியில் உறங்க வைக்கிறேன். சாவுக்கு மருந்து கண்டுபிடித்த காலத்தில் எழுந்து ஆளலாம்" என்றார்.

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. மந்திரி நல்லாதன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த சேனாதிபதி சூடாமணி முன்னால் வந்தான்.

"எழுந்ததும் ஆலோசனை சொல்ல ஆள் வேண்டுமே. மந்திரியாரையும் பக்கத்தில் படுக்க வைத்துவிடலாம். நாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"சரியான யோசனை. மந்திரியாரே, வெள்ளிக்கிழமை இருவரும் உறங்கப் போகிறோம்" என்றான் ராஜா.

மந்திரிக்குச் சூழ்ச்சி புரிந்தது. உயிர் போகிற விஷயம் அல்லவா? ஆனாலும் முகத்தில் காட்டாமல் "உத்தரவு" என்றார்.

வியாழக்கிழமை, சபைக்குப் பனிக்கட்டி அடைத்த பெரிய பெட்டி ஒன்று வந்தது.

"அரசே, வேட்டைக்குப் போய்த் திரும்பாத தங்கள் கொள்ளுத்தாத்தா பனிக்குகையில் உறங்கிக்கொண்டிருந்தார். தன் வம்சத்தான் எழுப்புவான் என்று ஓலையும் எழுதி வைத்திருக்கிறார். வைத்தியரே, முடியுமா?" என்றார் மந்திரி.

"ஒரு நாழிகை போதும்" என்றார் வைத்தியர், மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல்.

ராஜா நெளிந்தான். "எழுந்தால் எங்கே உட்காருவார்?"

"சிம்மாசனத்தில்தான். மூத்தவர் ஆயிற்றே. சேனாதிபதியைக்கூட மாற்றுவார்" என்றார் மந்திரி.

"பெரியவர் தூக்கத்தைக் கெடுப்பது பாவம்" என்று பதறினான் சூடாமணி.

"ஆமாம், இன்னும் நூறு வருஷம் உறங்கட்டும்" என்றான் ராஜா.

"தங்கள் கொள்ளுப்பேரனும் அதையேதான் சொல்வான், அரசே."

இப்படிச் சொல்லிவிட்டு மந்திரி பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு பூசணிக்காய் இருந்தது. வைத்தியர் தலையைத் தொங்கப்போட்டார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு ஏக்கமாகக் கேட்டான். "அப்படியானால் வைத்தியர் தவளையைப் பற்றிச் சொன்னதும் பொய்யா?"

"இல்லை" என்றார் மந்திரி. "அந்த வித்தை மனிதனுக்கும் ஒருநாள் கைவரும், எனக்குச் சந்தேகமே இல்லை. கடுங்காய்ச்சல்காரனைப் பத்து நாள் உறங்க வைத்து, மருந்து வந்ததும் எழுப்பலாம். வாசலில் அவன் பெண்டாட்டி காத்திருப்பாள். நூறு வருஷம் உறங்குகிறவனுக்கு யார் காத்திருப்பார்?"

ராஜா சேனாதிபதி பக்கம் திரும்பினான். "சூடாமணி, நாளைக்கு நாங்கள் உறங்கியிருந்தால், நீ எங்களை எப்போது எழுப்பியிருப்பாய்?"

சூடாமணி மெல்ல வாசல் பக்கம் நழுவப் பார்த்தான்.

ராஜா தன் முத்துமாலையை மந்திரி கழுத்தில் போட்டான். சூடாமணியின் வாளை வாங்கிக்கொண்டு, அந்தக் கையில் பூசணிக்காயைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினான்.