முயல் இரண்டு முறை தின்ற புல்

குளக்கரைப் புதரில் ஒரு முயல் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தது. அதன் பெயர் குட்டைவாலி.

முயல்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மேய்ந்த புல்லின் சத்து முதல் சுற்றிலேயே முழுவதும் உடம்பில் ஒட்டாது. பாதி செரித்த புல் மெத்தென்று உருண்டையாகப் பின்வழியே வெளியே வரும். முயல் குனிந்து அதை மறுபடி தின்னும். மிச்சச் சத்து அப்போதுதான் உடம்பில் சேரும். இந்த விவரமெல்லாம் குட்டைவாலிக்குத் தெரியாது. அதன் அம்மா செய்தது, அதுவும் செய்தது.

ஒருநாள் காலையில் அதை மயில் பார்த்துவிட்டது.

"சீச்சீ! போட்டதையே திங்கிறியா?"

மயில் வாயில் விழுந்த சேதி நிற்குமா? மத்தியானத்துக்குள் காடு முழுக்கப் பரவிவிட்டது. கீரி மூக்கைப் பொத்தியது. அணில்கள் விலகிப் போயின. குட்டைவாலி வெட்கத்தில் கூனிக் குறுகியது. "இனி செத்தாலும் அதைத் தொட மாட்டேன்!" என்று சபதம் போட்டது.

அன்று முதல் இரண்டு மடங்கு புல் மேய்ந்தது. வயிறு பானையாக உப்பியது. ஆனால் விலா எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. சில நாளில் பாலும் வற்றியது.

"அம்மா, பால் வரலையே!" என்று கடைக்குட்டி சிணுங்கியது. சிணுங்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

குட்டைவாலிக்கு ஒன்றும் புரியவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது, பிறகு ஏன் மடி காய்கிறது? தின்னும் விதத்தில்தான் ஏதோ பிசகு என்று நினைத்தது. நாகரிகம் தெரிந்த மயிலிடமே போய்க் கேட்டது.

"மெல்றது தப்பு!" என்றது மயில். "என்னை மாதிரி அப்படியே முழுங்கு. கூடவே நாலு சின்னக் கல்லையும் முழுங்கு. அது உள்ளே போய் அரைச்சுக்கும்."

முயல் ஒரு கல்லை விழுங்கிப் பார்த்தது. அது தொண்டையில் சிக்கியது. கண் பிதுங்க இருமித் துப்பிவிட்டு, சேற்றில் படுத்திருந்த எருமையிடம் ஓடியது.

"கல்லா? எந்தப் பைத்தியம் சொல்லுச்சு?" என்றது எருமை. "ரெண்டு தடவை மெல்லணும். தின்னுட்டு நிழல்ல படு. தின்னது தானா வாய்க்கு வரும்."

முயல் நிழலில் படுத்தது. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. வெயில் சாயும்வரை ஒரு புல் நுனிகூட மேலே வரவில்லை. ஈதான் வந்து உட்கார்ந்தது.

ஒருவர் மெல்லாதே என்கிறார், இன்னொருவர் இரண்டு தடவை மெல் என்கிறார்! முயலுக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தக் கிறுகிறுப்பில் போகக் கூடாத இடத்துக்குப் போனது. மலைப்பாம்பிடம்!

"ஐயா, நீங்க எப்படிச் சாப்பிடுவீங்க?"

"முழுசா முழுங்கிட்டு ஒரு மாசம் படுத்துக்குவேன். கிட்ட வாம்மா, செஞ்சே காட்டறேன்."

குழம்பிய முயல் இரண்டடி கிட்டவே போய்விட்டது! பாம்பு வாயைப் பிளந்தது. முயல் துள்ளியது. புதரையே தாண்டும் கால்கள் அன்று முழங்கால் உயரம்கூட எழும்பவில்லை. வாலின் பாதி மயிர் பாம்பின் வாயில் தங்கிவிட்டது. மீதியோடு தப்பி வந்து எருமை அருகே விழுந்தது.

எருமை அப்போதும் அசைபோட்டுக்கொண்டிருந்தது. முயல் மூச்சிரைக்க அதன் வாயையே பார்த்தது.

"அக்கா, இது எப்ப தின்ன புல்லு?"

"காலையில தின்னது."

"உள்ள போனதையா திரும்பத் திங்கறீங்க?"

"பின்னே? புல்லு என்ன பழமா, ஒரே தடவையில சத்தைக் குடுக்க?"

முயல் துள்ளி எழுந்தது. "அக்கா, நானும் அதைத்தானே செஞ்சேன்! உங்களுக்கு மேல வருது, எனக்குக் கீழ வருது!"

எருமை அசைபோடுவதை நிறுத்தி யோசித்தது. "அட, ஆமா! தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றுவிட்டு மறுபடி மெல்லத் தொடங்கியது.

மறுநாள் காலை முயல் குனிந்தது. "சீச்சீ!" என்றது மயில். முயல் நிதானமாகத் தின்று முடித்தது. பிறகு நிமிர்ந்தது.

"மயிலண்ணா, பல் இல்லாம நீங்க கல்லைத் திங்கறீங்க. நான் சிரிச்சேனா?"

மயில் தோகையைச் சுருட்டிக்கொண்டு நடையைக் கட்டியது. நாலாம் நாள் மடியில் பால் ஊறியது. கடைக்குட்டி அண்ணன்மார் இருவரையும் உதைத்துத் தள்ளிவிட்டு முதலில் குடித்தது.

அடுத்தவர் முகம் சுளிக்கிறார் என்று தன் உடம்பு கேட்பதை மறுப்பவன், நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடப்பான்.