ராஜவாசல் தூணில் நாலு கட்டம்

மழை கேட்காமலே பெய்த காலத்தில், மருதூர்ச் சீமையை வளவதரையன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். சொந்த புத்தியைச் செலவழித்தான் என்று ஒரு வாயிற்காவலனை ஊரைவிட்டே துரத்தியவன். அந்த வேலைக்கு வந்தவன் சடையாண்டி. சொன்னதை மட்டும் செய்வான். செய்வதற்கு முன் மட்டும் கேள்வியாகக் கேட்டுத் துளைப்பான். அது அவனுக்குப் பிறவிக் குணம்.

ராஜாவைப் போலவே வேஷம் போட்டு ஒற்றன் வருகிறான் என்று ஒரு நாள் சேதி பரவியது. மற்றவர்களுக்குப் பக்கவாசல் இருந்ததால், ராஜா மட்டும் நுழையும் ராஜவாசலுக்குப் பிரதானி கோதண்டராயர் ஆணை எழுதினார். "ராஜவாசலில் வருகிறவருக்குத் தலையில் கிரீடம், விரலில் மோதிரம் இரண்டும் இருந்தால், சங்கூதி 'மகாராஜா வருகிறார்' என்று கூவி உள்ளே விடு. இல்லையென்றால் விடாதே."

சடையாண்டி கரித்துண்டால் தூணில் நாலு கட்டம் கிழித்தான்.

"சாமி, ரெண்டும் இருந்தா ஒரு கட்டம். ரெண்டும் இல்லேன்னா ஒரு கட்டம். கிரீடம் இருந்து மோதிரம் இல்லேன்னா? மோதிரம் இருந்து கிரீடம் இல்லேன்னா? இந்த நடுக்கட்டம் ரெண்டையும் யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"அடேய், உன் வேலையைப் பார்!" என்றார் பிரதானி. ராஜா இந்தக் காவலனைச் சபையில் புகழ்ந்ததிலிருந்தே அவருக்கு வயிற்றெரிச்சல்.

மூன்றாம் நாள் ராஜா ஆற்றில் குளிக்கும்போது மோதிரம் நழுவிப் போயிற்று. தலையில் கிரீடம் இருந்தும் விரலில் மோதிரம் இல்லாமல் ஈரத்துணியோடு வந்தவனைச் சடையாண்டி மறித்தான். பிரதானி வேறு மோதிரம் தேடிக் கொண்டுவரும்வரை, உச்சி வெயிலில் ராஜா வாசலிலேயே நின்றான்.

"இவன் தலையை வாங்குங்கள், மகாராஜா!" என்றார் பிரதானி.

"மகாராஜா, பிசகு என்கிட்ட இல்லை, ஆணையிலே இருக்கு" என்றான் சடையாண்டி.

"சரி, பிரதானி ஆணையைத் திருத்தட்டும்" என்றான் ராஜா. "ஏழு நாள் ஒழுங்காக நடந்தால் பிசகு உன்னுடையது. உன் தலை போகும். நடக்காவிட்டால் உன் வேலை பிரதானிக்கு!"

பிரதானி கண்ணிமைக்கும் நேரத்தில் திருத்தினார். "இரண்டில் எது இருந்தாலும் போதும், விடு!"

சடையாண்டி தூணைப் பார்த்தான். மூடியிருந்த நடுக்கட்டம் இரண்டும் இப்போது திறந்து கிடந்தன. அவற்றின் வழியே யாரெல்லாம் வரலாம்? தலை போகிற நேரத்திலும் அதைத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

ஆறு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஏழாம் நாள் காலை, மெருகு போடக் கொண்டுபோன கிரீடத்தோடு மாணிக்க ஆசாரி தன் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்தார். கிரீடம் பக்கவாசல் வழியாகப் போகக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

"கிரீடம் தலையிலே இருக்கணும் ஆசாரியாரே. மூட்டையிலே இருந்தா விடமாட்டேன்."

"ஐயையோ! ராஜா கிரீடத்தை நான் வைச்சா கழுவிலே ஏத்திடுவாங்களே!"

"அப்போ கழுதைக்கு வையுங்க. அதைக் கழுவிலே ஏத்த மாட்டாங்க."

கழுதை தலையில் கிரீடத்தோடு உள்ளே நுழைய, சடையாண்டி சங்கை ஊதினான். "மகாராஜா வருகிறார்!"

சபையில் எல்லோரும் குனிந்து வணங்கினார்கள். எல்லோரையும்விடத் தாழக் குனிந்தவர் கோதண்டராயர். அந்தப்புரக் கதவைத் திறந்து வந்த ராஜா கண்டது, பிரதானி ஒரு கழுதையின் காலடியில் நெற்றி பட விழுந்து கிடப்பதை. சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது.

சிரிப்பு அடங்கியதும் ராஜா கேட்டான்: "சடையாண்டி, சரியான ஆணைதான் எது?"

"கிரீடமும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம் மகாராஜா. காவலனுக்கு முகம் தெரிந்தால் விடலாம். இல்லையென்றால் விடக்கூடாது."

"என் முகம் உனக்குத் தெரியுமா?"

"பதினைந்து வருஷமாகத் தெரியும்."

"பிறகு ஏனடா அன்று வெயிலில் நிறுத்தினாய்?"

"ஆணையிலே அந்தக் கேள்வி இல்லையே, மகாராஜா. சொந்த புத்தியைச் செலவழித்தவனை நீங்கள் துரத்திவிட்டீர்களே."

ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது அவனுக்கு. சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்து, எல்லோர் முன்னாலும் தன் முத்திரையை சடையாண்டியின் கையில் கொடுத்தான்.

"இனி நான் எழுதும் ஆணையானாலும் முதலில் நீ கேள்வி கேள். பதில் வந்த பிறகு முத்திரை குத்து" என்றான். சொன்னபடி வாயிற்காவல் வேலை கோதண்டராயருக்குப் போயிற்று. முன்பு துரத்திவிட்ட காவலனையும் திரும்ப அழைத்துவர ராஜா அன்றைக்கே ஆள் அனுப்பினான்.